தரிசு என்று எழுதும் முன்: சுரங்க நிலத்தில் செடிகொடிகளையும் உயிரினங்களையும் எப்படிக் கணக்கெடுக்கிறார்கள்?

மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் இருக்கும் அரிட்டாபட்டிக்குச் சித்திரை வெயிலில் போனால் குன்றுகள் மொட்டைப் பாறையாகத்தான் கண்ணுக்குத் தெரியும். அந்த மாதத்தில் இந்தப் பக்கத்து முள்ளுக்காடு எல்லாமே அப்படித்தான். வெப்பாலை இலை உதிர்த்து நிற்கும். கிளுவை வெறும் குச்சியாக இருக்கும். புல் வைக்கோலாகக் காய்ந்து, மிதித்தால் நொறுங்கும். இப்படிப்பட்ட நிலத்துக்கு வருவாய்த்துறைப் பதிவேட்டில் இருக்கும் பெயர்களும் அந்தத் தோற்றத்துக்குப் பொருத்தமாகவே இருக்கும்: தீர்வை ஏற்படாத தரிசு, கல்லாங்குத்து, புறம்போக்கு.

அதே முள்ளுக்காட்டுக்குக் கார்த்திகையில் போங்கள். வேலியோரப் புதரில் செங்காந்தள் கொழுந்துவிட்டு எரிகிற மாதிரி பூத்திருக்கும். பாறைக் குழிகளில் தண்ணீர் தேங்கியிருக்கும். வருடத்தின் பெரும்பகுதி மண்ணுக்குள் புதைந்து கிடந்த தவளைகள் இராத்திரி முழுக்கக் கத்தும். நிலம் மாறவில்லை, பார்க்கப் போன மாதம்தான் மாறியது.

சுரங்கம் வரப்போகும் இடத்தில் செடிகொடிகளையும் காட்டுயிர்களையும் கணக்கெடுப்பது பற்றிப் பேச வந்தவன் பருவத்திலிருந்து தொடங்கக் காரணம் இருக்கிறது. அந்தக் கணக்கெடுப்பின் நம்பகத்தன்மையில் பாதி, அது எந்த மாதத்தில் நடந்தது என்பதிலேயே அடங்கிவிடுகிறது.

அரிட்டாபட்டியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம். 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு இந்த ஊரிலும் பக்கத்து மீனாட்சிபுரத்திலுமாகச் சேர்த்து 193.42 ஹெக்டேர் நிலத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மாநிலத்தில் அதுதான் முதல் தலம். ஏழு குன்றுகள், அவற்றிலிருந்து வழியும் நீரால் நிறையும் கண்மாய்கள், சுனைகள், சுமார் 250 வகைப் பறவைகள், எறும்புத்தின்னி, தேவாங்கு, மலைப்பாம்பு. பாறைக் குகையில் சமணர் படுக்கைகளும் தமிழ் பிராமிக் கல்வெட்டும் உண்டு. இரண்டு ஆண்டு கழித்து, 2024 நவம்பரில், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்ற பெயரில் 2,015.51 ஹெக்டேர் ஏலத்தில் போன செய்தி வந்தது. அறிவிக்கப்பட்ட தலம் அந்த எல்லைக்குள்ளேயே இருந்தது. மக்கள் திரண்டு எழுந்தார்கள். சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

இங்கே பலருக்கு வந்த கேள்வி: இவ்வளவு உயிர்கள் வாழும் இடம் என்பதைப் பார்க்காமலா ஏலம் விட்டார்கள்? கனிமத் தொகுதியை ஏலம் விடும் கட்டத்தில் உயிரினக் கணக்கெடுப்பு கட்டாயம் கிடையாது. ஏலம் முடிந்து, நிறுவனம் சுற்றுச்சூழல் அனுமதி கேட்டு வரும்போதுதான் 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை குறுக்கே வரும். அப்போதுதான் குத்தகை நிலத்தையும், அதன் விளிம்பிலிருந்து சுற்றிலும் 10 கிலோமீட்டர் தூரத்தையும் ஆய்வு செய்யச் சொல்வார்கள். குத்தகை நிலம் மையப் பகுதி, அதைச் சூழ்ந்தது சுற்றுப் பகுதி. இரண்டுக்கும் தனித்தனியாகச் செடி, விலங்குப் பட்டியல் தர வேண்டும். 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில், அதாவது உச்சப் பாதுகாப்புப் பட்டியலில், இருக்கும் உயிர் ஏதாவது தென்பட்டால், வனத்துறையைக் கலந்து, செலவுக் கணக்கோடு ஒரு பாதுகாப்புத் திட்டமும் போட வேண்டும். நம் ஊரில் மயிலே முதல் அட்டவணைதான். எறும்புத்தின்னியும் தேவாங்கும் அதே அட்டவணையில் இருக்கின்றன.

சரி, கணக்கெடுப்புக் குழு களத்தில் என்ன செய்கிறது?

முதலில் வரைபடம். செயற்கைக்கோள் படத்தையும் நில அளவை வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிலத்தை வகை பிரிப்பார்கள். பாறைச் சரிவு, குன்றின் அடிவாரப் புதர், சுனையும் ஓடையும், கண்மாயின் நீர்ப்பரப்பு, பனை வரிசை நிற்கும் கண்மாய்க்கரை, வயல், மேய்ச்சல் தரை, கோயில் காடு என்று ஒவ்வொன்றும் ஒரு வகை. 10 கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டாலே அதன் பரப்பு 314 சதுர கிலோமீட்டர். அதை முழுக்க நடந்து எண்ண யாராலும் முடியாது. மாதிரிதான் எடுக்க முடியும், ஒவ்வொரு வகை நிலத்திலிருந்தும் எடுக்க வேண்டும். வண்டி போகிற சாலையோரத்தில் மட்டும் எடுத்த மாதிரி அந்தச் சாலையைப் பற்றி மட்டும்தான் பேசும்.

செடிகளுக்குக் கட்டம் போடுவது வழக்கம். நான்கு முளைக்குச்சி, ஒரு கயிறு. மரங்களுக்குப் 10 மீட்டருக்குப் 10 மீட்டர் கட்டம். அதற்குள்ளேயே புதர்ச்செடிகளுக்கு 5 மீட்டருக்கு 5 மீட்டர். புல் பூண்டுக்கு 1 மீட்டருக்கு 1 மீட்டர். கட்டத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு மரத்தின் பெயரையும் எழுதி, தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், அதாவது நெஞ்சு மட்டத்தில், நாடா சுற்றி அளப்பார்கள்.

இந்த அளவுகளிலிருந்து மூன்று விஷயம் தெரியவரும். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்துக் கட்டம் போட்டதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,000 சதுர மீட்டர், அதாவது ஒரு ஹெக்டேரில் பத்தில் ஒரு பங்கு. அதில் உசிலை 24, வெள்வேல் 24. ஹெக்டேருக்கு 240 என்று இரண்டின் அடர்த்தியும் ஒன்றுதான். ஆனால் உசிலை எட்டுக் கட்டத்தில் பரவி நிற்கிறது, வெள்வேல் ஒரே கட்டத்தில் கூட்டமாக நிற்கிறது. பரவலில் உசிலைக்கு 80 சதவீதம், வெள்வேலுக்கு 10 சதவீதம். உசிலை அந்தக் காட்டின் பொது மரம் என்றும், வெள்வேல் ஏதோ ஒரு குறிப்பிட்ட மண்ணை, ஈரத்தைத் தேடி நிற்கிறது என்றும் ஊகிக்கலாம். மூன்றாவது பருமன். 60 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள மரம் 25 சேர்ந்தால்தான் 300 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள ஓர் ஆலமரத்தின் வெட்டுப்பரப்புக்கு ஈடாகும். அடர்த்தி, பரவல், பருமன் மூன்றையும் மொத்தத்தில் இத்தனை சதவீதம் என்று மாற்றிக் கூட்டினால் ஒவ்வொரு மர இனத்துக்கும் ஒரு முக்கியத்துவ மதிப்பெண் வரும். எல்லா இனத்துக்கும் சேர்த்து மொத்தம் 300. சீமைக்கருவேலம் இந்தப் பட்டியலில் உச்சியில் உட்கார்ந்திருந்தால் அந்த நிலம் ஏற்கெனவே அடிபட்டிருக்கிறது என்று பொருள்.

எத்தனை கட்டம் போட்டால் போதும்? புதிய கட்டம் போடப் போட, இதுவரை பார்க்காத செடி வந்துகொண்டே இருந்தால் இன்னும் போட வேண்டும். தொடர்ந்து பல கட்டங்களில் புதிதாக எதுவும் வரவில்லை என்றால் நிறுத்தலாம். நல்ல அறிக்கையில் இந்த வளைகோடு வரைந்தே காட்டியிருப்பார்கள். அது இல்லாத அறிக்கையைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படிப்பது நல்லது.

மதிப்பெண்ணை மட்டும் நம்புவதிலும் ஓர் ஆபத்து உண்டு. பாறை இடுக்கில் வேர்விட்டு நிற்கும் ஒற்றை இச்சி மரம் எந்தக் கட்டத்துக்குள்ளும் விழாமல் போகலாம், விழுந்தாலும் எண்ணிக்கையில் ஒன்றுதான். ஆனால் மற்ற மரங்களில் பழமே இல்லாத காலத்தில் அது காய்க்கும். குயிலும் குக்குறுவானும் பழந்தின்னி வௌவாலும் அதைத் தேடித்தான் வரும். கட்டத்துக்கு வெளியே நின்றாலும் இப்படிப்பட்ட மரத்தை வரைபடத்தில் தனியாகக் குறித்துக்கொள்பவரைத்தான் நான் நல்ல தாவரவியலாளர் என்று மதிப்பேன்.

இனி விலங்குகள். மரம் நின்ற இடத்தில் நிற்கும், விலங்கு நமக்காகக் காத்திருக்காது. அதனால் இந்த வேலையில் நேரில் பார்ப்பதைவிடத் தடயம் பார்ப்பதே அதிகம்.

எறும்புத்தின்னியையே எடுத்துக்கொள்ளுங்கள். அலங்கு என்றும் சொல்வார்கள். இரவில் நடமாடும், தனியாகத் திரியும், ஆள் அரவம் கேட்டால் செதில் பந்தாகச் சுருண்டுவிடும். பத்து நாள் சுற்றினாலும் கண்ணில் படாமல் போகலாம். ஆனால் அது வந்துபோன இடம் பேசும். கறையான் புற்றின் அடிப்பாகம் அரைவட்டமாகத் தோண்டப்பட்டு, மண் ஒரே பக்கமாகப் பின்னால் தள்ளப்பட்டிருக்கும். இளகிய மண்ணில் கால்தடங்களுக்கு நடுவே கனத்த வால் இழுபட்ட கோடு தெரியும். வளையைக் கண்டால் வாயைப் பாருங்கள். உள்ளே படுத்திருக்கும்போது எறும்புத்தின்னி மண்ணைத் தள்ளி வாயை அடைத்துக்கொள்ளும். அவசரப்பட்டுப் பார்ப்பவர் ‘தூர்ந்த பழைய வளை’ என்று எழுதிவிட்டுப் போவார். தெரிந்தவர் அந்த மண்ணின் ஈரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தள்ளி ஒரு தானியங்கிக் கேமராவைக் கட்டிவைத்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

ஆடு மேய்ப்பவர்களிடம் கேட்பதும் முறையான ஆய்வின் ஒரு பகுதிதான். ‘இங்கே அலங்கு இருக்கா?’ என்று மொட்டையாகக் கேட்டால் மரியாதைக்கு ‘இருக்குங்க’ என்று சொல்லிவிடுவார்கள். படங்களைக் கலந்து வைத்து, இந்த ஊரில் இருக்கவே வாய்ப்பில்லாத ஒரு விலங்கின் படத்தையும் நடுவில் சேர்த்து, ‘இதுல எதையெல்லாம் பார்த்திருக்கீங்க, எங்க, எந்த மாசம்?’ என்று கேட்க வேண்டும். அப்போது வரும் பதிலைப் பதிவாக எடுத்துக்கொள்ளலாம். நேரில் பார்த்தது, தடயம், கேட்டறிந்தது என்று மூன்றையும் பட்டியலில் பிரித்துக் காட்டுவதும் முக்கியம்.

பட்டியல் என்றதும் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஓர் இடத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பது பட்டியல். அவர்கள் ஏன் அங்கே இருக்கிறார்கள் என்பதுதான் வாழிடம். ஒரு குடும்பம் குடியிருக்க நான்கு சுவர் மட்டும் போதாது. தண்ணீர் எடுக்க இடம், பிழைக்க வழி, பிள்ளை பெற்று வளர்க்கப் பத்திரமான மூலை, உறவுக்காரர் வீட்டுக்குப் போய்வரப் பாதை, இத்தனையும் வேண்டும். விலங்குக்கும் அப்படித்தான். இதில் ஒன்றைப் பறித்தாலும் மற்றவை இருந்து பயனில்லை.

தேவாங்கை வைத்து இதைப் புரிந்துகொள்வது எளிது. இரவில் மட்டுமே இயங்கும் சின்ன உயிர் அது. பூச்சிதான் முக்கிய உணவு. அதைத் தேட இரவில் தலைவிளக்கில் சிவப்பு வடிதாள் ஒட்டிக்கொண்டு மிக மெதுவாக நடக்க வேண்டும். புதருக்குள் இரண்டு கண்கள் செம்மஞ்சளாகத் திரும்ப மின்னும். பகலில் மட்டும் நடந்த ஆய்வில் ‘தேவாங்கு காணப்படவில்லை’ என்று எழுதியிருந்தால் அந்த வரிக்கு ஒரு மதிப்பும் இல்லை. அதைவிடப் பெரிய விஷயம், தேவாங்கு குரங்கு மாதிரித் தாவாது. ஒரு கிளையைப் பிடித்தபடியே அடுத்த கிளைக்குக் கை நீட்டும். ஆகவே அதன் வாழிடத்தை அளக்க மரத்தை எண்ணினால் போதாது, இந்த மரத்தின் கிளை அடுத்த மரத்தின் கிளையைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். லாரி போக ஒரு பாதை போட்டு, நூறு மரங்களில் ஐந்தே ஐந்து போனாலும், அந்த ஐந்து நின்ற இடம் இடைவெளியாகிவிட்டால் இந்தப் பக்கத்துத் தேவாங்குக்கு அந்தப் பக்கம் இனி இல்லை. திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் கடவூர்த் தேவாங்கு சரணாலயத்தை 2022-இல் அறிவித்தார்கள். அதுவும் வறண்ட காடுதான். பசுமை போர்த்திய மலை மட்டும்தான் காடு என்று நினைப்பவர்கள் அதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

வேட்டைப் பறவைகளுக்குப் பாறையே வீடு. அரிட்டாபட்டியைப் பாதுகாக்க அரசு எடுத்துச்சொன்ன காரணங்களில் லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு, ராசாளிக் கழுகு ஆகிய மூன்றும் உண்டு. செங்குத்துப் பாறை முகப்பில் சுண்ணாம்பு ஊற்றிய மாதிரி வெள்ளைக் கோடு வழிந்திருந்தால், அது வருடக்கணக்காகப் பறவைகள் உட்காரும் அல்லது கூடு கட்டும் விளிம்பின் எச்சம். அதன் கீழே தேடினால் இறகும் எலும்பும் கலந்து கக்கிய உருண்டைகள் கிடைக்கும். இந்தப் பறவைகள் குளிர்காலத்தில் தொடங்கிக் கோடையின் ஆரம்பம்வரை கூடு கட்டுகின்றன. வருவாய்க் கணக்கில் ‘பாறை’ என்று ஒரே சொல்லில் முடிந்துபோவது ஒரு வல்லூறு ஜோடிக்கு அந்த வட்டாரத்திலேயே குஞ்சு பொரிக்க இருக்கும் ஒரே இடமாக இருக்கலாம். மரத்தை வெட்டினால் வேறிடத்தில் நட்டுவிடுகிறோம் என்று சொல்வார்கள். பாறை முகப்பை எங்கே நடுவது?

இப்போது மறுபடியும் மாதத்துக்கு வருவோம். எதை, எப்படி ஆய்வு செய்ய வேண்டும் என்று சொல்லும், சுரங்கங்களுக்கான பொதுவான ஆய்வு வரையறையில் அடிப்படைத் தகவலை மழைக்காலம் அல்லாத ஒரு பருவத்தில் சேகரித்தால் போதும் என்று இருக்கிறது. காற்று, நீர், இரைச்சல், மண் எல்லாவற்றோடும் செடிகளும் விலங்குகளும் அதே வரியில் வந்துவிடுகின்றன. தூசியை அளக்க மழையில்லாத காலம் வேண்டும் என்பது புரிகிறது. உயிர்களுக்கு அது பொருந்தாது. அந்த வரையறை அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மாதங்களை ‘மழைக்குப் பிந்தைய காலம்’ என்கிறது. வடக்கே அது சரி. நமக்கோ வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாதங்களே அவைதான்! மற்ற பருவங்கள் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, மார்ச் முதல் மே வரை.

ஒரு குழு மார்ச் முதல் மே வரையுள்ள பருவத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். செங்காந்தள் அப்போது மண்ணுக்குள் கிழங்காக உறங்கும். தமிழ்நாட்டின் மாநில மலர், தமிழ்நாட்டு முள்ளுக்காட்டின் பட்டியலில் இல்லாமல் போகும். குளிர்காலத்துக்கு வந்த ஆறுமணிக் குருவி வடக்கே திரும்பத் தொடங்கியிருக்கும். தவளைகள் மண்ணுக்குள், நட்சத்திர ஆமைகள் புதருக்குள். விதி மீறப்படவில்லை, யாரும் பொய் எழுதவில்லை, ஆனாலும் பட்டியல் பாதியாகிவிடும். குறைந்தது இரண்டு பருவம், அதில் ஒன்று மழைக்காலம் என்பதை இந்த மண்ணுக்கான குறைந்தபட்சமாக வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

‘பார்க்கவில்லை’ என்பதும் ‘இல்லை’ என்பதும் வேறு வேறு. அதனால்தான் எத்தனை நாள், எத்தனை மணி நேரம், எத்தனை கிலோமீட்டர் நடந்தார்கள், எத்தனை இரவு கேமரா வைத்தார்கள் என்ற உழைப்புக் கணக்கு அறிக்கையில் இருக்க வேண்டும். 250 வகைப் பறவைகள் என்ற எண் மூன்று நாள் நடையில் கிடைக்கக்கூடியது அல்ல.

களத்துக்கே போகாமல் அறிக்கை எழுதும் ஆபத்தும் கற்பனை இல்லை. மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்காகத் தயாரித்த அறிக்கையில், ரஷ்யாவில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்கு எழுதிய அறிக்கையின் பகுதிகள் அப்படியே இருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. கொங்கண் கடற்கரைப் பறவைகளுக்குக் குளிர்நாட்டு ஊசியிலைக் காடுகளை வாழிடமாகச் சொல்லியிருந்தது அந்த அறிக்கை.

கணக்கெடுப்பு முடிந்ததும் தாக்கத்தை மதிப்பிட வேண்டும். இங்கேயும் குழிக்குள் போகும் நிலத்தை மட்டும் பார்த்தால் போதாது. வெடிச் சத்தம் பாறையில் அடைகாக்கும் பறவைக்குக் கேட்கும். தூசி இலைமேல் படியும். ஆழமாகத் தோண்டித் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தால் சுற்று வட்டாரத்தில் நிலத்தடி நீர் இறங்கி, சுனைகள் வற்றக்கூடும். கோடையில் எஞ்சியிருக்கும் கடைசிச் சுனையை நம்பி எத்தனை உயிர்கள் இருக்கின்றன என்பது, கணக்கெடுத்தவர் ஏப்ரலில் அந்தச் சுனையோரம் கேமரா வைத்திருந்தால் மட்டுமே தெரியும். ஆக, கோடை ஆய்வும் வேண்டும். மழைக்கால ஆய்வு இல்லாத கோடை ஆய்வைத்தான் குறை சொல்கிறேன்.

உங்கள் ஊர்ப் பக்கம் ஓர் அறிக்கை வந்தால் முதலில் தேதிகளைப் பாருங்கள். பிறகு கட்டம் போட்ட இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையைப் பாருங்கள். கைப்பேசி வரைபடத்தில் போட்டால் அவை குன்றில் விழுகின்றனவா, சாலையோரத்தில் விழுகின்றனவா என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். இரவு ஆய்வு நடந்ததா என்று தேடுங்கள். பட்டியலில் உங்கள் ஊரில் யாரும் கேள்விப்படாத மரம் ஏதாவது இருக்கிறதா என்று வயதானவர் ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள்.

இதையெல்லாம் எடுத்துச்சொல்லப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் ஒரு வாய்ப்பாக இருந்தது. 2025 செப்டம்பரில் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் அணுக் கனிமங்களுக்கும் முக்கியக் கனிமங்களுக்கும் அந்தக் கூட்டத்திலிருந்து விலக்கு கொடுத்துவிட்டது. டங்ஸ்டனும் அந்த முக்கியக் கனிமங்களில் ஒன்று. கூட்டமே நடக்காத இடத்தில், எழுத்தில் முன்கூட்டியே இருக்கும் பதிவுதான் ஊரின் குரலாக நிற்கும்.

அதற்கு ஒரு வழி சட்டத்திலேயே இருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றைப் பராமரிக்க வேண்டும். உங்கள் ஊராட்சியில் அந்தப் பதிவேடு இருக்கிறதா, கடைசியாக எப்போது எழுதினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் ஒரு நோட்டு போதும். என்ன பார்த்தோம், எந்தத் தேதி, எந்த இடம், யார் பார்த்தது, முடிந்தால் ஒரு புகைப்படம். ஐப்பசியில் முதல் பெருமழை விழுந்த அன்று இரவு பாறையடியில் தவளைச் சத்தம் கேட்கும். முதல் பக்கத்தை அதிலிருந்து எழுதத் தொடங்கலாம்.